ஆறு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்

சேமிப்பும் பாதுகாப்பும் – 9

கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960-ல் மூடப்பட்டதையும், அதன் பிறகே இந்தியாவில் வைப்புக் காப்பீடு வந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். 1962-ல் தொடங்கிய அந்தக் காப்பீடு இருந்தும் லட்சக்கணக்கானோர் தவித்த கதை இது.

2019 செப்டம்பர் 24. மும்பையில் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியின் கிளைகள் முன்பு காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. ஒரு நாளைக்கோ மாதத்துக்கோ அல்ல, ஆறு மாதங்களுக்கும் சேர்த்தே ஆயிரம்தான்.

11,600 கோடி ரூபாய்க்கு மேல் மக்கள் போட்டு வைத்திருந்த வங்கி அது. அதற்கு முந்தைய நிதியாண்டில்கூடச் சுமார் 100 கோடி லாபம் காட்டியிருந்தார்கள். உண்மையில், கொடுத்த கடனில் 70 சதவீதத்துக்கும் மேல் ஹெச்.டி.ஐ.எல். என்ற ஒரே கட்டுமானக் குழுமத்திடம் சிக்கியிருந்தது. அதை மறைக்க 21,000-க்கு மேற்பட்ட பொய்க் கணக்குகளை உருவாக்கியிருந்தார்கள். ஆண்டறிக்கையை வரி விடாமல் படித்த வாடிக்கையாளருக்கும் இது தெரிந்திருக்க வழியே இல்லை. ‘விசாரித்துப் போட்டிருக்க வேண்டாமா?’ என்று அவர்களைக் கேட்பது அநியாயம்.

எடுக்கும் வரம்பு 10,000, 25,000, 40,000, 50,000 என்று தவணை தவணையாக உயர்ந்தது. 2020 ஜூனில் ஒரு லட்சமானது. ஆனால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவருக்கும், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கெடு நெருங்கியவருக்கும் அந்தத் தவணை எதற்கு ஆகும்? பாஸ்புக்கில் பணம் இருக்கிறது, கையில் இல்லை. வட்டியை நம்பிக் குடும்பம் நடத்திய ஓய்வூதியர்கள் பிள்ளைகளிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. போராட்டத்தில் கலந்துகொண்டு வீடு திரும்பிய ஒருவர் மாரடைப்பில் இறந்தார்.

காப்பீடு என்ன ஆயிற்று? வங்கியைக் கலைத்த பிறகுதான் அந்தப் பணம் கிடைக்கும் என்பது அன்றைய விதி. பி.எம்.சி. வங்கியோ மூடப்படவும் இல்லை, இயங்கவும் இல்லை. 2020 பிப்ரவரியில் காப்பீட்டு வரம்பை ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தினார்கள். அதுவும் உடனே கைக்கு வரவில்லை. 2021-ல் சட்டத்தைத் திருத்திய பிறகே, இப்படி முடக்கப்பட்ட வங்கியின் வாடிக்கையாளருக்கும் 90 நாளில் காப்பீட்டுத் தொகை தர வேண்டும் என்றானது. வெயிலிலும் மழையிலும் தெருவில் நின்ற பி.எம்.சி. வாடிக்கையாளர்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

2022 ஜனவரி 25 அன்று பி.எம்.சி., யூனிட்டி சிறு நிதி வங்கியுடன் இணைக்கப்பட்டது. 5 லட்சம் வரை போட்டவர்களுக்கு விடிவு பிறந்தது. அதற்கு மேல் போட்டவர்களுக்குத் தவணைதான். பெரிய தொகை என்றால் முழுதும் வந்து சேரப் பத்து ஆண்டுகள். முதல் ஐந்து ஆண்டுக்கு வட்டி கிடையாது, பிறகும் 2.75 சதவீதம்தான். எழுபது வயதுக்காரரிடம் பத்து ஆண்டு பொறுங்கள் என்று சொல்வதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. தவறு செய்தவர்களின் சொத்து ஏலம் போகும்வரை, மூத்த குடிமக்களுக்காவது அரசு முன்பணம் கொடுத்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான்; அதையாவது செய்வோம். ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் எத்தனை கிளையில் எத்தனை கணக்கு இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சத்துக்குத்தான் காப்பீடு. ஓய்வுபெறும்போது கைக்கு வரும் மொத்தத் தொகையை ஒரே வங்கியில் போடாதீர்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு இந்தக் காப்பீடு உண்டு. ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. நிதி நிறுவன டெபாசிட்டுக்கும் நகைக்கடைச் சீட்டுக்கும் கிடையாது. இந்த வாரமே பெற்றோரின் பாஸ்புக்குகளையும் டெபாசிட் ரசீதுகளையும் எடுத்து, எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

(தொடரும்)