அச்சுச் சுற்றுப்பலகை வடிவமைப்பை வெளியாரிடம் ஒப்படைத்தல்

மின்னணுப் பொருள்களைத் தயாரிக்கும் சிறு நிறுவனங்கள் பல, அச்சுச் சுற்றுப்பலகையின் வடிவமைப்பையும் முன்மாதிரியையும் வெளியாரிடம் ஒப்படைக்கின்றன. வடிவமைப்பாளர் முதலில் சுற்று வரைபடத்தையும், பின்னர் செப்புத் தடங்களையும் கணினியில் வரைகிறார். அதிலிருந்து பெறப்படும் கெர்பர் கோப்புகளும் துளைக் கோப்பும் ஆலைக்குச் செல்கின்றன. சீனாவின் சென்சென் நகர ஆலைகள் 5 பலகைகளைக்கூடச் சில நாள்களில் செய்து தருகின்றன, பொதுவாக 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்ஆர்-4 பலகை.

சிக்கல் பெரும்பாலும் பிறகுதான் வருகிறது. வழக்கமான கெர்பர் கோப்பு ஒவ்வோர் அடுக்கின் படம் மட்டுமே. அதை வைத்துச் சுற்றைத் திருத்துவது கடினம். ஒரு சில்லு சந்தையில் கிடைக்காமல் போனால், கீகேட் போன்ற மென்பொருளில் வரைந்த மூலக் கோப்பு கையில் இல்லாத நிறுவனம் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மூலக் கோப்பையும் உறுப்புப் பட்டியலையும் தரவேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். பலகை விலைக்குப் பேரம் பேசுவோர் இதைக் கேட்க மறப்பதுண்டு.