மீன் முள் தொண்டையில் சிக்கினால்

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடலோரத்தில் மீன் இல்லாத சாப்பாடு பல வீடுகளில் சாப்பாடாகவே கணக்கில் வராது. வஞ்சிரத் துண்டென்றால் பயமில்லை. நடு முள்ளை எடுத்துவிட்டால் போதும். மத்தியும் காரப்பொடியும் அப்படியல்ல, மெல்லிய முட்கள் சதையோடு கலந்து கிடக்கும். பேச்சு சுவாரசியத்தில் ஒரு வாய் போனதும், "முள்ளு மாட்டிக்கிச்சு" என்று யாராவது தட்டை விட்டு எழுவார்கள். "ஒரு உருண்டை சோத்த மெல்லாம முழுங்கு" என்று பாட்டி சொல்வார். அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் அந்த உருண்டையை விழுங்காதீர்கள். ஏன் என்று புரிய, கழுத்துக்குள் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முகத்தில் மூக்கு மேலே, வாய் கீழே. கழுத்துக்குள் வந்ததும் மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். ஆகவே காற்றும் சோறும் தொண்டையில் குறுக்காகக் கடந்தே ஆகவேண்டும். செங்கல்பட்டு ஜங்ஷனில் ஒரு ரயிலை நிறுத்தி இன்னொன்றுக்கு வழி விடுவதைப் போல, விழுங்கும்போது உடல் மூச்சை ஏறக்குறைய ஒரு நொடி நிறுத்தி வைக்கிறது. அந்த நொடிக்குள் மென் அண்ணம் எழும்பி மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்நாண்கள் இறுக மூடுகின்றன. குரல்வளை மேலேறி முன்னே நகர, அதன் மூடி கவிழ்கிறது. எப்போதும் இறுகியிருக்கும் உணவுக்குழாயின் வாய்த் தசை அப்போது மட்டும் தளர்ந்து திறக்கிறது. கழுத்தின் முன்புறம் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், குரல்வளை ஏறி இறங்குவது கைக்குத் தெரியும்.

இந்த வழியில் மீன் முள் மாட்டும் இடங்கள் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. முதலிடம் இரு பக்கமும் உள்ள டான்சிலுக்கும் நாக்கின் அடிப்பகுதிக்கும். சதை மெத்தென்றும் மேடுபள்ளமாகவும் இருப்பதால் முள் எளிதில் குத்தி நிற்கும். அடுத்தது குரல்வளைக்கு இரு பக்கமும் உள்ள சிறு பள்ளங்கள். இவை எல்லாமே மருத்துவரின் கருவிக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை.

சோற்று உருண்டை என்ன செய்கிறது? சில நேரம் முள்ளைப் பெயர்த்து வயிற்றுக்குக் கொண்டுபோய்விடும்; அங்கே போன மெல்லிய முள் பெரும்பாலும் தொல்லை தராது. அப்படிப் பலித்த தடவைகளால்தான் இந்த வைத்தியம் இன்னும் உயிரோடிருக்கிறது. பலிக்காதபோது, மேலோட்டமாக நின்ற முள் ஆழமாகக் குத்திக்கொள்ளும். அல்லது கீழே இறங்கி உணவுக்குழாயில் மாட்டும். அந்தக் குழாய் தொடங்குவது ஏழு கழுத்தெலும்புகளில் ஆறாவதன் மட்டத்தில். குடலுக்கு இருக்கும் வெளி உறை அதன் சுவரைச் சுற்றி இல்லை. முன்னால் மூச்சுக்குழாய், பக்கங்களில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனிகள், பின்னால் நெஞ்சுக்குள் வரை இறங்கும் இடைவெளி. சுவரில் ஓட்டை விழுந்து சீழ் பிடித்தால் அது நெஞ்சுவரை பரவலாம். சோற்றுக்குப் பதிலாக வாழைப்பழத்தை விழுங்கினாலும் இதே கதைதான். எலுமிச்சைச் சாறு தொண்டையைக் கடக்கும் நேரத்தில் எந்த முள்ளையும் கரைக்காது. விரலை விட்டுத் துழாவினால் புண்தான் மிஞ்சும்.

செய்ய வேண்டியது எளிது. வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு, லேசாக இருமிப் பாருங்கள். வரவில்லையென்றால் சாப்பிடுவதையும் குடிப்பதையும் நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மயக்கம் கொடுத்து எடுக்க நேர்ந்தால் வெறும் வயிறே பாதுகாப்பு. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டரில், 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. பல முட்கள் நாக்கை அழுத்தி, விளக்கடித்து, இடுக்கியால் எடுக்கும் வேலையோடு முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததை மூக்கு வழியாக விடும் மெல்லிய குழாய் காட்டும். மெல்லிய முள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி தொடர்ந்தால், சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

இப்படி எடுக்கும் கலையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் (1865–1958). ஊக்கு, நாணயம், எலும்பு என்று மனிதர்களின் தொண்டையிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட பொருள்களை அவர் சேர்த்து வைத்தார். அவை பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, மூச்சுத்திணறல், ரத்தம் வருதல், காய்ச்சல், கழுத்து வீக்கம், நெஞ்சுவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிறு குழந்தைக்கு வலிக்கும் இடத்தைக் காட்டத் தெரியாது. மீன் சாப்பிட்ட பிறகு அது எச்சில் ஒழுக அழுதாலோ, பாலை மறுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள். பெரியவர்களுக்கு முள் போன பிறகும் அது கீறிய இடம் ஓரிரு நாள் உறுத்தும். உறுத்தல் நாளுக்கு நாள் குறைந்தால் அது கீறல்தான். குறையாவிட்டால் மறுபடியும் மருத்துவரிடம் காட்டுங்கள்.