தெரியுமா? ஜீவா எம்.எல்.ஏ. ஆனபோது அவர் பிறந்த ஊர் வேறு மாநிலத்தில் இருந்தது!

ஆடி அமாவாசைக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து வண்டி பிடித்துக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறோமே, அந்தச் சாமியின் பெயரைத் தாங்கிய ஒரு பிள்ளை வளர்ந்து யார் ஆனார் தெரியுமா? பகத்சிங்கின் ‘நான் நாத்திகன் ஏன்?’ நூலைத் தமிழாக்கியதற்காகக் கைதான கம்யூனிஸ்ட் தலைவர், தோழர் ஜீவா! 1907 ஆகஸ்ட் 21-ல் பூதப்பாண்டியில் பிறந்த சொரிமுத்து, பிறகு ஜீவானந்தம் ஆனார். தனித்தமிழ் வேகத்தில் கொஞ்ச காலம் ‘உயிரின்பன்’ கூட!

ஆலைத் தொழிலாளர் சங்கம், 1937-ல் தொடங்கிய ‘ஜனசக்தி’, சிறை, தலைமறைவு எல்லாம் கடந்து, 1952 தேர்தலில் தொழிலாளர்கள் நிறைந்த வண்ணாரப்பேட்டைத் தொகுதி அவரைச் சென்னைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குப் பூதப்பாண்டி சென்னை மாநிலத்திலேயே இல்லை. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது!

செங்கோட்டையும் அப்படித்தான். குற்றாலத்தில் குளித்துவிட்டு, பசியோடு ‘பார்டர்’ புரோட்டாவுக்குப் பிரானூர் போகிறீர்களே, கேரள எல்லை புளியரை தாண்டி இருக்க, இங்கே எதற்கு பார்டர் என்று யோசித்ததுண்டா? அதுதான் பழைய எல்லை. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டைப் பகுதியும், பூதப்பாண்டி அடங்கிய தோவாளை உள்ளிட்ட தெற்குத் தாலுகாக்களும் ஒரே நாளில் இந்தப் பக்கம் சேர்ந்தன. ஜீவா அப்போதும் எம்.எல்.ஏ. பதவியில்தான் இருந்தார். சட்டமன்றத்தில் தமிழுக்காக அவர் எழுப்பிய குரல் ஊரறிந்தது. அந்த வருடம் டிசம்பரிலேயே ஆட்சிமொழிச் சட்டமும் நிறைவேறியது.

இன்னொன்று. 1952-ல் முதலமைச்சர் ராஜாஜி. கம்யூனிஸ்டுகள்தான் தன் முதல் எதிரி என்று பகிரங்கமாகச் சொன்னவர்! அந்த ராஜாஜி, குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி.க்கு நெருங்கிய நண்பர். டி.கே.சி.க்கோ கம்பன் என்றால் உயிர். ஜீவாவுக்கும் அப்படியே; காரைக்குடிக் கம்பன் விழா மேடையில் முழங்கியவர் அவர். அரசியலில் எதிரும் புதிருமாக நின்றவர்களுக்குக் கம்பன் மட்டும் பொதுச்சொத்து. இப்போது இப்படி ஒரு சட்டமன்றம் வாய்க்குமா, சொல்லுங்கள்!

தாம்பரத்துக் குடிசைக் கதை தெரியும்தானே? பள்ளி விழாவுக்கு வந்த காமராஜர், விழாவுக்கு அழைத்துப் போகலாம் என்று ஜீவாவின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். “நீங்க முன்னால போங்க, பின்னாலேயே வர்றேன்” என்கிறார் ஜீவா. ஏன் தாமதம்? இருந்த ஒரே நல்ல வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாராம்! இதைப் பல விதமாகச் சொல்வார்கள். ஆனால் அந்தக் குடிசை நிஜம். அவர் சொத்துச் சேர்க்காததும் நிஜம்.

எம்.எல்.ஏ.வாக இருந்தது ஒரே ஒரு தடவைதான். 1963 ஜனவரி 18-ல் மறைந்தார். நாகர்கோவிலில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. சீசன் முடிந்து கன்னியாகுமரிக்கு வண்டியை விடுகிறவர்கள், பத்து நிமிஷம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.