ரெஸ்யூமேல 'ஆட்டோமேஷன்' போடுறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

"லீவரேஜ்டு ஆட்டோமேஷன் டு டிரைவ் ஆப்பரேஷனல் எக்ஸலன்ஸ்." இப்படி ஒரு வரி உங்க ரெஸ்யூமேல இருக்கா? இதைப் படிக்கிறவருக்கு நீங்க என்ன செஞ்சீங்கன்னே புரியாது. புரியாத வேலைக்கு யாரும் சம்பளம் கூட்டித் தர மாட்டாங்க.

ஒரு உதாரணம் பார்ப்போம். குன்னூர்ல ஒரு தேயிலை ஃபேக்டரியில நீங்க அக்கவுண்ட்ஸ் பார்க்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. 600 சிறு விவசாயிகள் பசுந்தேயிலை கொடுக்கிறாங்க. மாவட்டத்துக்கான சராசரி இலை விலையை தேயிலை வாரியம் மாசாமாசம் அறிவிக்கும். அது வந்ததும் ஒவ்வொருத்தரோட எடையையும் கூட்டி, விலையால பெருக்கி, வாங்கின முன்பணத்தைக் கழிச்சு பேமென்ட் ஷீட் போடணும். மொத்தம் 3 நாள் வேலை. நீங்க எக்செல் மேக்ரோ எழுதி அதை அரை நாளாக்கிட்டீங்க.

இப்போ கணக்கு:

- மாசம் மிச்சம்: 2.5 நாள் × 8 = 20 மணி நேரம்
- வருஷத்துக்கு: 240 மணி நேரம்
- சம்பளம் ரூ.30,000, மாசம் 200 மணி நேர வேலைன்னா, மணிக்கு ரூ.150
- 240 × 150 = ரூ.36,000

உடனே '36,000 ரூபாய் காஸ்ட் சேவிங்'னு போட்டுடாதீங்க! நிறைய பேர் இன்டர்வியூல மாட்டுறது இங்கதான். கம்பெனி உங்களுக்கு அதே 30,000 தான் கொடுக்குது. மிச்சமானது நேரம், பணம் இல்லை. ஓவர்டைம் குறைஞ்சிருந்தா, இல்ல தற்காலிக ஆளுக்குக் கொடுத்த கூலி நின்னுருந்தா, அந்தத் தொகை மட்டும்தான் சேவிங். கம்பெனி கணக்குல குறையாத செலவை ரெஸ்யூமேல குறைக்கக் கூடாது.

அப்போ எப்படி எழுதுறது? என்ன வேலை, எப்படி மாத்தினீங்க, எவ்வளவு நேரம் மிச்சம், அந்த நேரத்துல என்ன செஞ்சீங்க. இந்த நாலும் வரணும்:

"600 விவசாயிகளுக்கான மாதாந்திர பேமென்ட் ஷீட் தயாரிப்பை எக்செல் மேக்ரோ மூலம் 3 நாளிலிருந்து அரை நாளாகக் குறைத்தேன். மிச்சமான நேரத்தில் எடைப் பதிவுகளைச் சரிபார்த்து, பணம் போவதற்கு முன்பே தவறுகளைத் திருத்தினேன்."

ஜார்கனே வேண்டாமா? வேலை விளம்பரத்துல 'ப்ராசஸ் ஆட்டோமேஷன்'னு இருந்தா, அதே வார்த்தையை ஸ்கில்ஸ் பகுதியில ஒரு தடவை போடுங்க. போதும்.

கடைசியா ரெண்டு விஷயம். டீமா செஞ்சதை 'நான்'னு எழுதாதீங்க. "மேக்ரோ எரர் காட்டினா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டா பதில் சொல்ல முடியணும்.

இன்னைக்கே உங்க ரெஸ்யூமேல ஒரு வரியை எடுத்து இப்படி மாத்திப் பாருங்க. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில அந்த ஒரு வரி உங்களுக்காகப் பேசும்.