புள்ளி, நட்சத்திரம், சமக்குறி

லினக்ஸ் கணினியில் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கையேட்டுப் பக்கம் உண்டு. கறுப்புத் திரையில் ‘மேன்’ என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் போதும், பக்கம் விரியும். அந்தப் பக்கங்களை ஒழுங்குபடுத்திக் காட்டுகிற ஜிராஃப் என்ற மென்பொருளின் 1.23 பதிப்பு 2023இல் வெளிவந்தபோது ஒரு விசித்திரமான கோளாறு தலைகாட்டியது. பக்கத்தில் அச்சாகியிருந்த கட்டளையை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் கணினி ஏற்க மறுத்தது. இரண்டு சிறுகோடுகளோடு தொடங்கும் ஒரு சொல்லைத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் அதே சொல்லை ‘இல்லை’ என்றது.

காரணம், அரை நூற்றாண்டு பழைய ஒரு எழுத்து வழக்கம். அந்தக் கையேடுகளின் மூலப்பிரதியில் வெறும் ‘-’ என்று எழுதினால் அது சொற்களைச் சேர்க்கும் சிறுகோடு. அதற்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டு ‘\-’ என்று எழுதினால்தான் கட்டளைகளில் வரும் கழித்தல் குறி. இந்த வேறுபாட்டைப் பல எழுத்தாளர்கள் கண்டுகொள்ளவே இல்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்துவந்ததால் அதற்கான தேவையும் வரவில்லை. புதிய பதிப்பு விதியை அட்சரசுத்தமாகப் பின்பற்றி, வெறும் சிறுகோட்டுக்கு யூனிகோடில் உள்ள உண்மையான இணைப்புக்கோட்டைக் காட்டியது. பார்வைக்கு அதே கோடு, கணினிக்கு வேறு எழுத்து. கடைசியில் டெபியன் போன்ற விநியோகங்கள் தங்கள் தொகுப்பில் பழைய நடத்தையையே திரும்பக் கொண்டுவந்தன.

திறமூல மென்பொருளை எழுதுகிறவர்கள் கையேட்டையும் வெறும் எழுத்துக்கோப்பாகத்தான் எழுதுகிறார்கள். தலைப்பு எது, கட்டளை எது, எச்சரிக்கை எது என்பதைச் சில குறிகளால் சுட்டிவிடுவார்கள். ஒரு நிரல் அந்தக் குறிகளைப் படித்து இணையப் பக்கமாகவோ பிடிஎஃப்பாகவோ மாற்றித் தரும். மூலப்பிரதியைப் படிப்பவர்கள் இருவர் என்பதுதான் சிக்கல்: ஒன்று இயந்திரம், மற்றது அதைத் திருத்த வரும் அடுத்த மனிதர். இயந்திரத்துக்குக் குறிகள் கூடுதலாக இருந்தால் நல்லது. மனிதருக்கோ குறைவாக இருந்தால்தான் நல்லது. கடந்த அறுபது ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு எழுத்துமுறையும் இந்த இழுபறிக்குக் கண்ட ஒரு சமரசம்.

முதல் சமரசம் புள்ளி. 1964இல் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப் என்ற நிரலில், புள்ளியோடு தொடங்கும் வரி இயந்திரத்துக்கான ஆணை. மற்றதெல்லாம் வாசகருக்கான உரை. எந்த வாக்கியமும் புள்ளியில் தொடங்குவதில்லை என்பதால் குழப்பத்துக்கு அதிக இடமில்லை. அதன் வாரிசான ராஃப், பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் பிறந்தபோது அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது. சொல்லப்போனால், யூனிக்ஸை உருவாக்கியவர்களுக்கு ஒரு பெரிய கணினி கிடைத்ததே, நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவுக்கு ஆவணங்கள் தயாரிக்கும் வசதி செய்து தருகிறோம் என்று சொல்லித்தான். யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. ஜோ ஒசான்னா எழுதிய டிராஃப், பிறகு பிரையன் கெர்னிகன் அதைத் திருத்தியமைத்தது, 1990இல் ஜேம்ஸ் கிளார்க் எழுதிய ஜிராஃப் என்று அந்தப் பரம்பரை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

கையேட்டுப் பக்கங்களின் தலைமாட்டில் வரும் ஒற்றை வரிச் சுருக்கமும் அந்த வம்சத்தின் சொத்துதான். ‘நகலெடு [-அ | -ஆ] மூலம்... இலக்கு’ என்று ஒரு கற்பனைக் கட்டளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பம்; விட்டுவிடலாம். நடுவில் நிற்கும் செங்குத்துக் கோடு ‘இதுவோ அதுவோ, இரண்டும் சேர்த்து வேண்டாம்’ என்கிறது. மூன்று புள்ளிகள், எத்தனை கோப்புகளை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கின்றன. தடித்த எழுத்தில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். சாய்வெழுத்தில் இருப்பதை எடுத்துவிட்டு நம்முடையதைப் போட வேண்டும். அரைப் பக்கம் விளக்க வேண்டியதை அரை வரியில் அடக்கிவிடும் இந்த வழக்கத்தைப் படிக்கத் தெரியாமல்தான் புதியவர்கள் பலர் சதுர அடைப்பையும் சேர்த்தே தட்டச்சு செய்கிறார்கள்.

கெர்னிகன் 1974இல் யூனிக்ஸுக்குப் புதியவர்களுக்காக எழுதிய குறிப்பில் ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்குங்கள், வரிகளைக் குட்டையாக வையுங்கள், காற்புள்ளி போன்ற இயல்பான இடங்களில் உடையுங்கள். வெளியீட்டில் அந்த வரிகளெல்லாம் ஒரே பத்தியாகச் சேர்ந்துவிடும் என்பதால் வாசகருக்கு ஒன்றும் தெரியாது. லாபம் திருத்துபவருக்கு. மாற்றங்களை வரி வரியாக ஒப்பிடும் கிட் போன்ற கருவிகளில், ஒரு சொல்லை மாற்றியதற்காக முழுப் பத்தியும் மாறியதாகக் காட்டாமல் அந்த ஒரு வாக்கியம் மட்டும் தனித்துத் தெரியும். கிட் பிறந்தது 2005இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்த யோசனையை லினக்ஸின் மேன் பக்கத் திட்டம் இன்று விதியாகவே வைத்திருக்கிறது.

நடுவில் ஒரு காலம், இயந்திரத்தின் கை ஓங்கியது. 1991இல் ஹால் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் நிறுவனமும் ஓரெய்லி பதிப்பகமும் சேர்ந்து தொடங்கிய டாக்புக் முறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் பங்கு என்ன என்று கோண அடைப்புக்குள் சொல்லிவிடலாம். இது கோப்பின் பெயர், இது கட்டளை, இது பயனர் தட்டச்சு செய்ய வேண்டியது என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி. அறிவுக்கு நிறைவான ஏற்பாடு. ஆனால் கைக்குச் சுமை. நான்கு வரி விளக்கம் எழுத எட்டு வரிக் குறிகள் என்றால் எந்த நிரலாளர் உட்கார்ந்து எழுதுவார்? லினக்ஸ் கெர்னலின் புத்தக வடிவ ஆவணங்கள் பல ஆண்டுகள் டாக்புக்கில்தான் கிடந்தன. 2016இல், 4.8 பதிப்பிலிருந்து, ஆவணங்களைப் பராமரிக்கும் ஜொனாதன் கார்பெட்டின் முன்னெடுப்பில் ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவிக்கும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற எழுத்துமுறைக்கும் மாறத் தொடங்கினார்கள். பைதான் மொழி அதற்கு முன்பே அந்தப் பக்கம் போய்விட்டது. ஸ்ஃபிங்க்ஸை ஜார்க் பிராண்டல் 2008இல் வெளியிட்டதே, லேடெக்ஸில் இருந்த பைதான் ஆவணங்களை எளிய வடிவத்துக்குக் கொண்டுவரத்தான்.

இந்த எளிய வடிவங்களின் பூர்வீகம் மின்னஞ்சல். வெறும் எழுத்து மட்டுமே போகக்கூடிய கடிதங்களில், அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு இருபுறமும் நட்சத்திரம் போடுவதும், தலைப்புக்குக் கீழே கோடு கோடாக இழுப்பதும், பட்டியலுக்குச் சிறுகோடு வைப்பதும் யாரும் சட்டம் போடாமலேயே பரவியிருந்தன. டேவிட் குட்ஜரின் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டும், 2004இல் ஜான் குரூபர், ஆரன் ஸ்வார்ட்ஸின் உதவியோடு வெளியிட்ட மார்க்டவுனும் அந்தப் பழக்கத்தை இலக்கணமாக்கின.

இலக்கணம் என்றாலும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் ஒரு விஷயத்தில் அதிசயமான தாராளம் காட்டுகிறது. தலைப்புக்கு அடியில் எந்தக் குறியால் கோடிட்டால் எந்தப் படிநிலை என்று அது சொல்வதே இல்லை. முதலில் வரும் குறி முதல் படி, அடுத்து வருவது இரண்டாம் படி, அவ்வளவுதான். தாராளம் குழப்பத்தில் முடியும் என்பதால் ஒவ்வொரு திட்டமும் தன் சொந்தச் சட்டத்தைப் போட்டுக்கொண்டது. கெர்னலில் ஆவணத் தலைப்புக்கு மேலும் கீழும் சமக்குறி, அத்தியாயத்துக்குக் கீழே மட்டும் சமக்குறி, பிரிவுக்குச் சிறுகோடு, உட்பிரிவுக்கு அலைக்கோடு. பைதானில் பாகத்துக்கு ‘#’, அத்தியாயத்துக்கு நட்சத்திரம், அதற்கு அடுத்துத்தான் சமக்குறி. இரண்டிலும் வேலை செய்கிற ஒருவருக்குக் கை தடுமாறினால் வியப்பில்லை.

கெர்னல் குழுவின் இன்னொரு விதிதான் இந்தக் கதையிலேயே அறிவார்ந்தது. குறிகளை அளவோடு போடுங்கள், எளிமையாக வையுங்கள் என்று அவர்களின் வழிகாட்டி கேட்டுக்கொள்கிறது. காரணம் உண்டு. மூலக்கோப்பை அப்படியே திறந்து படிக்கிற கெர்னல் நிரலாளர்கள் நிறையப் பேர். ஒரு ஃபங்ஷனின் பெயருக்கு இணைப்பு தர வேண்டுமானால் அதற்கு முன்னால் முக்காற்புள்ளிகளுக்கு நடுவே ஒரு வகைச்சொல், பிறகு பேக்டிக்குகள் (`) என்று எழுத வேண்டியிருந்தது. பெயரைவிட அலங்காரம் நீளம். 2019இல் அந்தச் சுமையை எடுத்துவிட்டார்கள். பெயருக்குப் பின்னால் வெறும் ‘()’ போட்டால், அது ஃபங்ஷன் என்று கருவியே புரிந்துகொண்டு இணைப்பைத் தந்துவிடும். மனிதர்கள் ஏற்கெனவே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் இறங்கி வந்தது.

மார்க்டவுன் இன்னும் எளிது, அதனாலேயே இன்னும் குழப்பம். குரூபரின் முதல் வடிவத்தில் அடிக்கோட்டுக் குறியும் சாய்வெழுத்தைக் குறித்தது. ‘கோப்பு_எழுது_மூடு’ என்று ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்தால் நடுவில் உள்ள சொல் சாய்ந்துவிடும், கோடுகள் மறைந்துவிடும். கிட்ஹப் போன்ற தளங்கள் அதைத் தங்கள் வழியில் திருத்தின. இன்னொன்று, வரியின் முடிவில் இரண்டு வெற்றிடம் விட்டால் வரி உடையும் என்ற விதி. கண்ணுக்கே தெரியாத குறி! வரியோர வெற்றிடங்களைத் தானாக நீக்கும் எடிட்டர்கள் அதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். ஆளுக்கொரு விளக்கமாகப் பிரிந்துபோன மார்க்டவுனுக்கு 2014இல் ஜான் மக்ஃபார்லேன், ஜெஃப் அட்வுட் முதலானோர் காமன்மார்க் என்ற வரையறையைக் கொண்டுவந்தார்கள். நட்சத்திரமும் பேக்டிக்கும்தானே என்று நினைப்பவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கலாம். 600க்கும் மேற்பட்ட எடுத்துக்காட்டுகள் வைத்துத்தான் அதை முழுமையாக விளக்க முடிந்திருக்கிறது. வரி உடைக்க அதில் பின்சாய்வுக்கோட்டையும் போடலாம்.

இந்த விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. தமிழில் கையேடு எழுதும்போது அது உறைக்கும். ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் தலைப்புக்கு அடியில் இடும் கோடு தலைப்பின் அளவுக்காவது நீளமாக இருக்க வேண்டும். ‘நிறுவும் முறை’ என்பது கண்ணுக்கு, நடு இடைவெளி உட்பட, ஏழு இடம். ஏழு சமக்குறி போட்டால் கோடு போதவில்லை என்று எச்சரிக்கை வரும். யூனிகோடில் ‘நி’ என்பது நகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. புள்ளியை மட்டும் கருவி கணக்கில் சேர்ப்பதில்லை. உயிர்மெய்க் குறிகளை எல்லாம் தனித்தனியாக எண்ணும். ஆக அதன் கணக்கில் பன்னிரண்டு. ‘கோப்பு’ என்ற மூன்றெழுத்துத் தலைப்புக்கு மூன்று சமக்குறி போட்டால் நிலைமை இன்னும் மோசம்: எச்சரிக்கைகூட இல்லாமல், தலைப்பு சாதாரணப் பத்தியாகிவிடும். கோடு நீளமாக இருப்பதில் தடையில்லை என்பதால் இருபது குறியாக இழுத்துவிடுவதே பிழைக்கும் வழி.

வேற்றுமை உருபு அடுத்த தலைவலி. கட்டளையின் பெயரை இரட்டைப் பேக்டிக்குக்குள் வைத்து ஒட்டினாற்போல ‘ஐ’ சேர்த்தால், மூடும் குறியை ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் அங்கீகரிக்காது. குறிக்குப் பின்னால் வெற்றிடமோ நிறுத்தக்குறியோ வர வேண்டும் என்பது அதன் விதி. இடையில் பின்சாய்வுக்கோடும் வெற்றிடமும் போட்டுத் தப்பிக்கலாம், ஆனால் மூலப்பிரதி பார்க்கச் சகிக்காது. சிறுகோடு அனுமதிக்கப்பட்ட குறி என்பதால், ``கிட்``-ஐ என்று எழுதுவது இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவருகிறது. மார்க்டவுனில் ஒட்டி எழுதினாலும் பெரும்பாலும் சிக்கல் இல்லை. **கோப்பு**களை என்று எழுதினால் சரியாகவே தடிக்கும். நட்சத்திரங்களுக்குள் மேற்கோள் குறியையும் சேர்த்து **"கோப்பு"**களை என்று எழுதினால் மட்டும் தடிக்காது, நட்சத்திரங்கள் அப்படியே பக்கத்தில் நிற்கும். மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறி இருந்தால் பின்னால் எழுத்து வரக்கூடாது என்கிறது காமன்மார்க். சொற்களுக்கிடையே வெற்றிடம் விடாத சீன, ஜப்பானிய மொழிகளில் எழுதுகிறவர்களும் இதே விதியில் இடறுகிறார்கள். மேற்கோள் குறியை நட்சத்திரங்களுக்கு வெளியே தள்ளி "**கோப்பு**"களை என்று எழுதினால் சரியாகிவிடும்.