பட்டா மாற்றம் என்று சொல்லி நீட்டப்படும் பத்திரம்

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, உடன்பிறந்த பெண்களை வேனில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போவது நம் கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. "பட்டா மாத்தணும், ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்பார்கள். அந்தத் தாள் பெரும்பாலும் விடுதலைப் பத்திரம். என் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டேன், அதற்குரிய பணத்தையும் பெற்றுக்கொண்டேன் என்று அதில் எழுதியிருக்கும். பல பெண்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கைக்கு வந்திருக்காது.

ஒன்றை மனத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள். வாரிசு முறையில் பட்டா மாற்றுவது தாலுகா அலுவலக வேலை. அதற்குச் சார்பதிவாளர் அலுவலகம் போகத் தேவையே இல்லை. அங்கே கூப்பிட்டால், உங்கள் பங்கைத் தொடும் ஏதோவொரு பத்திரம் தயாராக இருக்கிறது என்று பொருள். முதல் நாளே நகல் கேளுங்கள். வெளியாள் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதுவரை கையெழுத்து வேண்டாம், கைநாட்டும் வேண்டாம்.

சட்டத்தில் குழப்பமில்லை. இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, தாய், மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. இது 1956 முதலே உண்டு. பூர்வீகச் சொத்தில் 1989-இல் தமிழ்நாடு மகளுக்குப் பங்கு தந்தபோது, அதற்குமுன் மணமானவர்களை விலக்கியது. அந்தத் தடையை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. அப்பா அந்த ஆண்டுக்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் "எம்பத்தொம்பதுக்கு முன்னாடி கட்டிக்குடுத்த பொண்ணுக்குக் கிடையாது" என்று பத்திர எழுத்தர்கள் இன்றும் சொல்கிறார்கள், விவரம் தெரிந்தவர்களும் தலையாட்டுகிறார்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்ற பேச்சு மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. நகை போட்டோம், சீர் செய்தோம் என்பதாலும் பங்கு போய்விடாது. கிறித்தவ மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. இசுலாமிய மகளுக்கு மகன் பங்கில் பாதி.

நாற்று நடுவதும் களையெடுப்பதும் பெண்கள். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி நில உடைமைகளில் பெண்கள் கையில் இருந்தவை சுமார் 14 விழுக்காடுதான். பயிர்க்கடனுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் முதலில் கேட்கப்படுவது சிட்டாவும் அடங்கலும். அதில் பெயர் இல்லாத பெண், தன் உழைப்பில் விளைந்த வயலிலேயே கூலியாள்.

இனி செய்ய வேண்டியது. இறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அண்ணன் விண்ணப்பிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தால் வீட்டு ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். வேறூரில் வாழும் மகளின் பெயர் விட்டுப்போகிறது. மகள் உண்டா என்று ஒரு கேள்வி கேட்பதில் அவருக்கு என்ன சிரமம்? பெயர் விடுபட்டிருந்தால் வட்டாட்சியருக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள். அங்கே நடக்காவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு. சான்றிதழ் வந்ததும் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய பட்டா ஆகியவற்றோடு எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா கேளுங்கள். உங்களை விட்டுவிட்டுப் பட்டா மாற்றியிருந்தால், அதற்கும் கோட்டாட்சியரிடமே மேல்முறையீடு. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள், அல்லது சேர்ந்ததற்கான சான்று கேட்டு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். வாயால் சொன்ன ஆட்சேபத்துக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு கிடையாது.

கணவனை இழந்த தாய்மாருக்குத் தனியாகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குச் செட்டில்மெண்ட் எழுதியே ஆகவேண்டும் என்றால், கடைசிவரை சோறும் மருத்துவமும் தந்து பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால், பிள்ளைகள் கைவிடும்போது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த வரி இல்லாவிட்டால் பெரும்பாடு.

ஏமாந்து ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் தாமதிக்க வேண்டாம். ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் பத்திரத்தை ரத்து செய்ய உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்து பேசித் தீர்க்கட்டும் என்று காத்திருந்தே பலர் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

வக்கீலுக்குக் காசில்லை என்று பின்வாங்காதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வக்கீலையும் வைத்துத் தருவார்கள், நீதிமன்றக் கட்டணத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆதார், இறப்புச் சான்றிதழ், நிலத்தின் சர்வே எண் ஆகியவற்றோடு போனால் முதல் நாளிலேயே மனு எழுதிவிடலாம்.