ஒரு மரம், பல வானிலைகள்

நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில், சுமார் 1,500 மீட்டருக்கு மேல், புல்வெளிகளுக்கு இடையிலுள்ள மடிப்புகளில் சோலைக்காடுகள் வளர்கின்றன. அங்கே பல மரங்களின் பட்டையே தெரியாது; அடியிலிருந்து கிளைவரை பாசி மூடியிருக்கும். தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரே மரத்தில் பல இனங்கள் தெரியும்.

எந்த இனம் எங்கே வாழும் என்பதில் நுண்காலநிலைக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரே மரத்தின் அடியிலும் உச்சியிலும், ஏன், ஒரே கிளையின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும்கூட வெளிச்சமும் ஈரமும் காற்றும் வேறு வேறு.

பாசிக்கு வேர் கிடையாது. பட்டையைப் பற்றிக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டுமே உண்டு. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. பெரும்பாலான இனங்களில் இலையின் கனம் ஒரே ஒரு செல். உடம்பு முழுவதாலும் நீரைக் குடிக்கும், எளிதில் இழந்தும்விடும். காய்ந்ததும் இலைகள் சுருண்டு, உயிர்ச்செயல்கள் கிட்டத்தட்ட நின்றுபோகும். அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால், சற்று நேரத்தில் இலைகள் விரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் ஈரம் மட்டும் போதாது. நனைந்த பாசி சுவாசிக்கும்; சேர்த்த சர்க்கரை செலவாகும். வெளிச்சமும் ஈரமும் ஒருசேரக் கிடைக்கும் நேரத்தில்தான் அதற்கு வரவு. தாழ்நில மழைக்காடுகளில் மழை கொட்டியும் பாசி குறைவாக இருப்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம் இதுதான்: வெதுவெதுப்பான ஈர இரவில் செலவு கூடுகிறது, பகல் வெயிலில் காய்ந்துவிடுவதால் வரவு குறைகிறது. மலைச்சோலையிலோ குளிர்ந்த இரவு செலவைக் குறைக்கிறது. பகலில் தவழும் மூடுபனி ஈரத்தைக் காக்கிறது.

இடத்துக்கேற்ப உருவமும் மாறுகிறது. நிழலும் ஈரமும் மிகுந்த அடிமரத்தில் விரிப்பாகப் படர்பவையும், விசிறிபோல் தட்டையாக நீட்டி வெளிச்சத்தை வாங்குபவையும் உண்டு. மூடுபனி நுழையும் கிளைகளில் மீட்டியோரியேசி குடும்பப் பாசிகள் நூல் நூலாகத் தொங்கி, பனித்துளிகளைப் பிடிக்கின்றன. வெயிலும் காற்றும் அடிக்கும் மேல்கிளைகளில் மேக்ரோமிட்ரியம் போன்றவை குட்டையாக, நெருக்கமாக வளர்கின்றன. நெருங்கிய தண்டுகளின் இடுக்கில் நீர் தங்கும். காய்ந்தால் இலைகள் முறுக்கிக்கொள்ளும்.

பாசியும் தன் பங்குக்கு ஈரத்தை உருவாக்குகிறது. தன் உலர் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது. அந்த ஈர மெத்தையில் ஆர்க்கிடுகளும் பெரணிகளும் வேர்விடுகின்றன.

அதனால்தான் சோலைக்குள் ஒரு பாதை வெட்டினாலும் கவலைப்பட வேண்டியிருக்கிறது. இலைக்கூரை திறந்ததும் வெயிலும் காற்றும் உள்ளே நுழையும். நிழல் விரும்பும் இனங்கள் முதலில் நலியும். மேல்கிளைகளில் வாழும் வெயில் தாங்கிகள் கீழே இறங்கி வளரும். சுற்றிலும் காட்டை அழித்துவிட்டுப் பெரிய மரங்களை மட்டும் விட்டுவைப்பது பாசிகளைக் காப்பாற்றாது. அவற்றுக்கு வேண்டியது, கூரை கலையாத சோலை.